நாக்கின் நடுவே ஓடும் கோடு: ஜெர்மனியில் துருக்கியரின் கவிதை, கேள்வியும் பதிலும்

ஜெர்மனியில் குடியேறிய துருக்கியர் எழுதிய கவிதைகளைச் சில ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். அவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

துருக்கியர் எப்படி ஜெர்மனிக்குப் போனார்கள்?

1961 அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. போருக்குப் பிறகு ஜெர்மன் ஆலைகள் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன, ஆள் போதவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்ததால் கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வருவதும் நின்றுபோயிருந்தது. அந்தச் சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கவிதைகளைப் படிக்கும்போது அது திரும்பத் திரும்ப வரும்.

இஸ்தான்புல்லில் ஜெர்மன் அலுவலகம் ஒன்று திறந்தார்கள். வந்தவர்களை உள்ளாடையோடு வரிசையில் நிறுத்தி, பல்லைப் பார்த்து, சிறுநீரைச் சோதித்து, தேறியவர்களைச் சிர்கெஜி நிலையத்தில் ரயில் ஏற்றினார்கள். மியூனிக் நிலையத்தின் 11ஆம் நடைமேடையில் இறங்கி, அங்கிருந்து ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் பிரிந்து போனார்கள். 1973 நவம்பரில் ஆளெடுப்பு நிற்கும் வரை இப்படி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பலர் திரும்பிவிட்டார்கள். ஆனால் ஒரு முறை போனால் மறுபடி வர வழியில்லை என்று ஆனபின் மற்றவர்கள் தங்கிவிட்டார்கள், மனைவி மக்களையும் வரவழைத்தார்கள்.

அவர்களுக்கு ஜெர்மன் மக்கள் வைத்த பெயர் 'காஸ்ட்ஆர்பைட்டர்', அதாவது விருந்தாளித் தொழிலாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வோமே, அந்தப் பெயருக்குள்ளும் அதே கணக்கு இருந்தது. முதல் ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுதான் தங்கலாம் என்ற வரம்பு இருந்தது. 1964இல் அதை எடுத்துவிட்டார்கள், ஆனால் பெயர் மட்டும் போகவில்லை.

'குர்பெத்' என்ற சொல் அடிக்கடி வருகிறதே, அதற்கு என்ன பொருள்?

ஊரை விட்டு, உறவை விட்டு, அன்னிய இடத்தில் இருக்கும் நிலைதான் குர்பெத். இது அரபியிலிருந்து துருக்கிய மொழிக்கு வந்த சொல். மேற்குத் திசையைக் குறிக்கும் அரபுச் சொல்லும் இதே வேரிலிருந்துதான் பிறந்தது. வேலை தேடி மேற்கே போன மக்களின் வாயில் இந்தச் சொல் புழங்கியது பொருத்தம்தான். குர்பெத்துக்கு எதிரே நிற்கும் சொல் 'சிலா', திரும்பிச் சேர வேண்டிய ஊர். இரண்டுக்கும் இடையிலுள்ள ஏக்கத்துக்கு 'ஹஸ்ரெத்' என்று பெயர்.

இந்தச் சொற்கள் ஜெர்மனியில் பிறந்தவை அல்ல. துருக்கியின் ஆசியப் பகுதியான அனதோலியாவின் கிராமங்களிலிருந்து பருத்தி வயலுக்கும் இஸ்தான்புல்லுக்கும் வேலைக்குப் போனவர்களும், அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களும் பல காலமாகப் பாடிய நாட்டுப்பாடல்களில் இவை இருந்தன. ஜெர்மனி அந்தப் பாட்டுக்குள் புதிதாக நுழைந்த ஓர் ஊர், அவ்வளவுதான்.

எனக்குக் குறுந்தொகையில் மாமூலனார் சொல்லும் 'மொழிபெயர் தேஎம்' நினைவுக்கு வருகிறது. வடுகர் எல்லைக்கு அப்பால், மொழி வேறாகிவிடும் நாட்டில் காதலன் இருந்தாலும் அவன் இருக்கும் இடத்துக்கே போவோம் என்கிறாள் தலைவி. மொழி மாறும் இடம்தான் வெளியூர் என்ற அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு துருக்கியக் கவிதைகளைப் படித்தால் நிறைய விளங்குகிறது.

முதலில் எழுதியவர்கள் யார்?

எழுதுவதற்கு முன்னால் பாடினார்கள். துருக்கியில் 'ஆஷிக்' என்ற பாணர் மரபு உண்டு. சாஸ் என்ற நீண்ட கழுத்துள்ள நரம்புக் கருவியை மீட்டி, அசை எண்ணிக் கட்டிய பாட்டைப் பாடுவார்கள், கடைசி அடியில் தங்கள் பெயரையும் சேர்ப்பார்கள். இந்த மரபில் வந்த மெத்தின் துர்கோஸ் 1962இல் கொலோன் நகரத்துக்குப் போய் ஃபோர்டு கார் ஆலையில் வேலை பார்த்தவர். மேஸ்திரி, ஆலை, தங்கும் விடுதி, கடிதம் என்று தன் கூட்டாளிகளின் அன்றாடத்தைப் பாட்டாக்கினார். துருக்கிய அடிகளுக்குள் ஜெர்மன் சொற்கள் இயல்பாக வந்து உட்கார்ந்தன. 'கலப்பு மொழி' என்று பின்னாளில் ஆய்வாளர்கள் எழுதியதை ஆலை வாசலில் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தார்கள்.

புத்தகக் கவிதை என்றால் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். யுக்செல் பசார்காயா 1958இலேயே, ஒப்பந்தத்துக்கும் முன்னால், வேதியியல் படிக்க வந்தவர். துருக்கியக் கவிஞர்களான நாசிம் ஹிக்மெத்தையும் ஓர்ஹான் வெலியையும் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுசென்றவர், ஜெர்மன் மொழியைத் தன் இரண்டாம் தாயகம் என்று எழுதியவர். இன்னொருவர் 1969இல் பெர்லினுக்குக் குடிவந்த அராஸ் ஓரென்.

அராஸ் ஓரென் ஒரு தெருவைப் பற்றி மட்டும் ஒரு முழுக் கவிதைப் புத்தகம் எழுதினாரா?

ஆமாம். அது 1973இல் வந்த நெடுங்கவிதை. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நியாசிக்கு நௌனின் தெருவில் என்ன வேலை?' என்று வரும். துருக்கிய மொழியில் எழுதி, ஜெர்மன் மொழிபெயர்ப்பில் வெளியானது.

நௌனின் தெரு பெர்லினின் க்ரொய்ஸ்பெர்க் பகுதியில் இருக்கிறது. மேற்கு பெர்லினின் ஓரம், சுவர் மிக அருகில். பழைய கட்டடங்கள், எப்போது இடிப்பார்களோ என்ற நிலையில். வசதியுள்ள ஜெர்மன் மக்கள் விட்டுப்போன அந்த வீடுகளில் குறைந்த வாடகைக்குத் துருக்கியர் குடியேறினார்கள். கவிதையின் தொடக்கத்தில் ஒரு பைத்தியக்காரக் காற்று ஒரு துருக்கியனின் மீசையைச் சுழற்றிக்கொண்டு போகிறது. அவன் மீசைக்குப் பின்னால் ஓடி ஓடி, கடைசியில் நௌனின் தெருவில் வந்து நிற்கிறான். ஒப்பந்தம், அந்நியச் செலாவணி, ஆலைக் கணக்கு எதுவும் இல்லாமல் ஒரு குடிபெயர்வை இப்படிச் சொல்லிவிட்டார். முதல் முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இதில் நான் மதிக்கும் இன்னொரு விஷயம், அந்தத் தெருவில் துருக்கியர் மட்டும் இல்லை என்பது. நெடுங்காலமாக அங்கே வாழும் குட்சர் அம்மா என்ற ஜெர்மன் மூதாட்டியின் கதையும் அதே கவிதையில் வருகிறது. அவரும் உழைத்து ஓய்ந்த குடும்பத்துக்காரர்தான். துருக்கியன் எதிர் ஜெர்மன் என்று ஓரென் பிரிக்கவில்லை. வாடகை கொடுப்பவர், கூலி வாங்குபவர் என்று பார்த்தார். அது 1970களின் இடதுசாரிப் பார்வை என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் முதுமையைக் கவனித்து எழுதியவனை 'அன்னியன்' என்று எப்படிச் சொல்வது?

ஜெர்மன் தாய்மொழியாக இல்லாத எழுத்தாளர்களுக்கான சாமிசோ பரிசு 1985இல் தொடங்கப்பட்டபோது முதல் பரிசு ஓரெனுக்குத்தான் போனது. 2008இல் அதே நௌனின் தெருவில், குடியேறியவர்களின் பிள்ளைகள் தங்கள் கதைகளைத் தாங்களே மேடையேற்றும் ஒரு நாடக அரங்கு ஷெர்மின் லாங்ஹோஃபின் தலைமையில் திறந்தது.

துருக்கிய மொழியிலா ஜெர்மன் மொழியிலா, எதில் எழுதினார்கள்?

பெரியவர்களாக வந்தவர்களில் பலர் துருக்கிய மொழியில் எழுதினார்கள். பிள்ளைகளாக வந்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மனில் எழுதினார்கள். ஆனால் இது மொழியைத் தேர்ந்தெடுப்பதோடு முடிகிற விஷயம் அல்ல.

துருக்கிய மொழியில் 'தில்' என்றால் நாக்கு. மொழிக்கும் அதே சொல்தான். (நாமும் சொல்வன்மை உள்ளவரை நாவலர் என்கிறோம்.) ஜெர்மனில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். 1965இல் பெர்லினுக்கு ரேடியோ வால்வு ஆலை வேலைக்கு வந்து பின்னாளில் எழுத்தாளரான எமினே செவ்கி ஓஸ்தமார், தாய்மொழியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லை விட்டுவிட்டு, 'தாய்நாக்கு' என்று ஜெர்மனில் இல்லாத ஒரு சொல்லைச் செய்து 1990இல் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார். அவர் எழுதியது உரைநடைதான், ஆனால் அந்த ஒரு சொல்லே ஒரு கவிதை. ஜெர்மன் படிப்பவர் இதென்ன விசித்திரம் என்று நிற்பார், துருக்கிய மொழி தெரிந்தவருக்குத் தன் வீட்டுச் சொல் கேட்கும். 2022இல் ஜெர்மன் இலக்கியத்தின் மிக உயர்ந்த விருதான புக்னர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஸாஃபர் ஷெனோஜாக் 1961இல் அங்காராவில் பிறந்து, 1970இல் மியூனிக்குக்கு வந்தவர். ஜெர்மனில் கவிதை எழுதினார். 13ஆம் நூற்றாண்டின் சூஃபிக் கவிஞர் யூனுஸ் எம்ரேயை ஜெர்மனில் பெயர்த்தார், பிற்காலத்தில் துருக்கிய மொழியில் நாவல்களும் எழுதினார். 1980களில் வந்த அவருடைய ஒரு சிறு கவிதையில், தன் கால்கள் இரண்டு கோள்களில் இருப்பதாகவும், அவை நகரும்போது தான் விழுவதாகவும் சொல்கிறார். உள்ளே இரண்டு உலகங்களைச் சுமக்கிறார், ஒன்றும் முழுசாக இல்லை, இரண்டிலிருந்தும் இரத்தம் வடிகிறது. கடைசியில் எல்லைக்கோடு தன் நாக்கின் நடுவாக ஓடுகிறது என்கிறார்.

'நாக்கு' என்று ஜெர்மனில் எழுதும்போது அவருக்குள் 'தில்' கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 'எல்லை' என்ற சொல்லும் அப்போது ஜெர்மனியில் சும்மா இருந்த சொல் அல்ல. நாடே இரண்டாகக் கிடந்தது, பெர்லின் நடுவில் கான்கிரீட்டும் காவல் கோபுரமும் நின்றன. அந்த நாட்டுக்கு நடுவே ஓடிய கோடுதான் ஒரு துருக்கியப் பையனின் வாய்க்குள்ளும் ஓடியது. இரண்டாகப் பிளந்து கிடந்த ஒரு நாடு, வந்தவர்களைப் பார்த்து 'பாவம், இவர்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்' என்று சொன்னதை யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் 'இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில்' என்று சொல்வது தவறா?

எழுதியவர்களே பலமுறை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். 1964இல் ஜெர்மனியிலேயே பிறந்த நெவ்ஃபெல் ஜுமார்ட்டின் கவிதை ஒன்று உண்டு. இரு உலகங்களுக்கும் பாலமாக இருக்க ஆசைப்படுகிறான் ஒருவன். ஒரு கரையில் கால் ஊன்றவே முடியவில்லை, மறுகரையிலிருந்து மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருக்கிறான். பாலம் உடைந்து தன்னை நடுவில் கிழித்துவிடுமோ என்று அஞ்சுகிறான். அந்த வலி உண்மையானது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டதில்தான். பள்ளிப் பாடம், பரிசுரை, மேடைப் பேச்சு எல்லாவற்றிலும் 'பாலம்', 'பாலம்' என்றே வந்தது. பாலத்தை மிதித்துக்கொண்டு கடப்பார்களே தவிர, அதன் மேல் யாரும் குடியிருப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் லெஸ்லி ஆடல்சன் 2001இல் இந்த 'நடுவில்' என்ற சொல்லுக்கு எதிராக ஓர் அறிக்கையே எழுதினார். ஷெனோஜாக்கின் கட்டுரைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். இரண்டு பண்பாடுகளும் இரண்டு கெட்டியான பாறைகள், நடுவில் மனிதர்கள் தொங்குகிறார்கள் என்ற படம் அந்த எழுத்துகளையே மறைத்துவிடுகிறது என்பது அவருடைய வாதம்.

நான் அவர் பக்கம்தான். ஷெனோஜாக்கின் அந்தக் கவிதையை மறுபடி படியுங்கள். 'நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்' என்று அவர் சொல்லவில்லை. கோடுதான் அவருக்குள் இருக்கிறது, இரண்டு உலகமும் அவருக்குள்தான். நாக்கு ஒன்றுதான், அது பேசவும் செய்கிறது.

சட்டமும் இந்தக் கதையில் வருகிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜெர்மனியில் பிறந்த துருக்கியர் பிள்ளைகளுக்கு இரண்டு குடியுரிமையும் கிடைத்தது, ஆனால் 23 வயதுக்குள் ஒன்றை விட்டுவிட வேண்டும். 2014இல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். 2024 ஜூனிலிருந்துதான் இரண்டையும் எல்லோரும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. கவிதை 1980களிலேயே வந்து சேர்ந்த இடத்துக்குச் சட்டம் வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

எல்லாக் கவிதைகளும் சோகமாகத்தான் இருக்குமா?

இல்லவே இல்லை. செஹ்ரா சிராக்கைப் படியுங்கள். 1960இல் இஸ்தான்புல்லில் பிறந்து, மூன்று வயதில் ஜெர்மனிக்கு வந்தவர். பண்பாட்டு அடையாளம் பற்றி அவர் எழுதிய கவிதையில், ஜப்பானிய முறையில் தரையில் கண்விழிக்க வேண்டும், ஆங்கிலேயரைப் போலக் காலை உணவு உண்ண வேண்டும், சீனரைப் போல உழைக்க வேண்டும், பிரெஞ்சுக்காரரைப் போலச் சாப்பிட வேண்டும் என்று ஆசைகளை அடுக்கிக்கொண்டே போகிறார். கடைசியில், ஒரு யானையின் முதுகில் அமர்ந்த பறவையாக இந்திய முறையில் உறங்கி, துருக்கிய மொழியில் இஸ்தான்புல்லின் பொஸ்போரஸ் நீரிணையைக் கனவு காண வேண்டும் என்கிறார். அந்தப் பறவையும் யானையும்தான் 1991இல் வந்த தொகுப்பின் தலைப்பாகவும் ஆயின.

'நீ துருக்கியா, ஜெர்மனா?' என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், அவர் பத்து எடுத்துக்கொண்டார். ஆனால் கனவு மட்டும் பிறந்த ஊரின் நீரில்.

செம்ரா எர்தான் யார்?

இந்தப் பதிலை எழுதுவது எளிதாக இல்லை.

1957இல் துருக்கியின் மெர்சின் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியில் வேலை பார்த்தார்கள், 1970களின் தொடக்கத்தில் அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். 350க்கும் மேற்பட்ட கவிதைகள் எழுதினார். அவற்றில் மிகவும் அறியப்பட்டது, 'என் பெயர் அன்னியன்' என்று தொடங்குவது. நான் இங்கே வேலை செய்கிறேன், என் வேலை கடினம், என் வேலை அழுக்கு, பிடிக்கவில்லை என்றால் உன் நாட்டுக்குப் போ என்கிறார்கள் என்று நேரடியாகப் போகும் கவிதை. உவமை கிடையாது, அலங்காரம் கிடையாது.

1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாத் திண்டாட்டம் ஏறிக்கொண்டிருந்தது. 'துருக்கியரே, வெளியேறுங்கள்' என்று சுவரில் எழுதினார்கள். 1983இல் ஊர் திரும்புகிறவருக்கு 10,500 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) தருவதாக அரசே சட்டம் போட்டது. அந்தக் காலத்தில்தான், 1982 மே மாதம் ஹாம்பர்க்கில், இனவெறிக்கு எதிரான கண்டனமாகச் செம்ரா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 25 வயதுகூட நிறையவில்லை. அதற்கு முன் ஊடகங்களைத் தொலைபேசியில் அழைத்துத் தன் கவிதையை வாசித்துக் காட்டியிருக்கிறார்.

பல ஆண்டுகள் அவர் ஒரு செய்தியாகவே நினைவில் இருந்தார், கவிஞராக அல்ல. அவருடைய சகோதரியும் சகோதரியின் மகளும் கையெழுத்துப் பிரதிகளைக் காத்து, 2020இல் துருக்கி, ஜெர்மன் இரு மொழியிலும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள். அதில் காதலும் குழந்தைகளும் நட்பும் இருக்கின்றன. தயவுசெய்து அவரை மரணத்திலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பியவர்களைப் பற்றிக் கவிதை இல்லையா?

உண்டு. திரும்பியவர்களுக்கு ஊரிலும் ஒரு பெயர் காத்திருந்தது, 'அல்மன்ஜி'. ஜெர்மனிக்காரன் என்று அர்த்தம், கொஞ்சம் கேலியும் சேர்ந்தது. அங்கே அன்னியன், இங்கே அல்மன்ஜி. கோடையில் கார் நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும் பயணமும், கேசட்டில் பேசிப் பதிவு செய்து அனுப்பிய கடிதங்களும் பாட்டிலும் கவிதையிலும் அடிக்கடி வரும்.

இவர்கள் எல்லோரும் துருக்கியர்தானா?

பாஸ்போர்ட் துருக்கியினுடையது. ஆனால் வந்தவர்களில் குர்து இனத்தவரும், அலெவி என்ற சமயப் பிரிவினரும், சர்க்காசிய இனத்தவரும் இருந்தார்கள். 'துருக்கியக் கவிதை' என்று சொல்லும்போது அவர்களைக் கரைத்துவிடக் கூடாது. சிலருக்குக் குர்பெத் ஜெர்மனிக்குப் போகும் முன்பே, துருக்கியிலேயே தொடங்கிவிட்டது.

பரிசுகள் கிடைத்தன என்றீர்களே, அப்புறம் ஏன் மனக்குறை?

சாமிசோ பரிசு, ஜெர்மன் தாய்மொழியாக இல்லாதவர்கள் ஜெர்மனில் எழுதும் இலக்கியத்துக்காகத் தொடங்கியது. பிரான்சில் பிறந்து ஜெர்மன் கவிஞரான ஒருவரின் பெயர் அது. பலருக்கு வாசல் திறந்த பரிசு, அதை மறுக்க முடியாது. ஆனால் அது தனி வாசல். ஜெர்மனியில் வளர்ந்து ஜெர்மனில் எழுதுகிறவருக்கு 'வெளியிலிருந்து வந்தவர்' என்ற முத்திரை உறுத்தத்தானே செய்யும்? நோக்கம் நிறைவேறிவிட்டது என்று சொல்லி 2017இல் பரிசை நிறுத்தினார்கள்.

இப்போது எழுதுகிறவர்கள் யார்?

சுவர் 1989இல் விழுந்தது. நாடு ஒன்றானது என்று மகிழ்ந்தவர்கள் நடுவே, 1992இல் மொல்ன் நகரில் மூன்று பேரும், 1993 மே மாதம் சோலிங்கன் நகரில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் ஐந்து பெண்களும் சிறுமிகளும் வீட்டுக்குத் தீ வைத்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு வந்த குரல் ஏக்கத்தின் குரலாக இல்லை. க்ரொய்ஸ்பெர்க் தெருக்களில் துருக்கிய மொழியிலும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் ராப் பாடினார்கள்.

1983இல் அதே சோலிங்கனில் பிறந்தவர் ஓஸ்லெம் ஓஸ்க்யுல் துந்தார். தீயில் சிக்கிய தாய்மார்களின் குரலில் அவர் எழுதிய பனுவல்களில் நிறுத்தற்குறிகள் இல்லை. மூச்சு வாங்க இடமில்லாமல் வாசகர் ஓட வேண்டியிருக்கும். தின்ச்செர் குச்யெதெர் 1979இல் ஜெர்மனியின் நெட்டெட்டால் நகரில் பிறந்தவர். தானே ஒரு கவிதைப் பதிப்பகம் தொடங்கி, அதை நடத்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிச் சம்பாதித்தவர். கவிதைக்கான பேட்டர் ஹூஹெல் பரிசை 2022இல் பெற்றார். அவருடைய எழுத்தில் அம்மா ஆலைக்கும் வயலுக்கும் போகிறாள், அப்பா மதுக்கடை நடத்துகிறார், பேச்சு, பாட்டு, பிரார்த்தனை எல்லாம் ஒன்றாக வருகின்றன. எந்த உலகம் எங்கே முடிகிறது என்று அவர் கோடு போட்டுக் காட்டுவதில்லை.

நான் எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஆங்கில மொழிபெயர்ப்பில் ஓரெனும் ஷெனோஜாக்கும் சிராக்கும் கிடைப்பார்கள். முதலில் சிராக்கின் அந்தப் பறவைக் கவிதை, பிறகு ஷெனோஜாக்கின் சிறு கவிதைகள். செம்ராவுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள், அவசரத்தில் படிக்க வேண்டாம்.

ஓரெனின் நெடுங்கவிதையைக் கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள், வாய்விட்டுப் படியுங்கள். மீசைக்குப் பின்னால் ஓடுகிறவனோடு தெருவுக்குள் நுழைந்ததும், துருக்கியர் வரும் பக்கங்களை மட்டும் தேடித் தாண்டிப் போகத் தோன்றும். தாண்டாதீர்கள். குட்சர் அம்மாவின் வீட்டிலும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் மாடிக்குப் போங்கள்.